உம்மும்மாவின் தெரு

எங்கள் வீட்டுக்கு உப்பு வாங்கி வந்தால் உம்மும்மா முதலில் பக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார். அம்பாந்தோட்டை உப்பு என்றால் பேசாமல் போத்தலில் கொட்டுவார். வேறு ஊர் உப்பு என்றால், "இதெல்லாம் உப்பா?" என்பார்.

அவர் பிறந்த ஊர் அது. கலியாணம் முடித்து நிவித்திகலைக்கு, மாணிக்கக் குழிகளுக்கும் தேயிலைக்கும் நடுவில், வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒருமுறைகூட அங்கே போனதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. கடலுக்கும் கரகன் லேவாய உப்பளத்துக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் சந்தை கூடும் நாள். உம்மும்மாவின் ராத்தா மரக்கறி வாங்கப் போயிருந்தார். ஜனாஸா கிடைக்கவில்லை.

சென்ற ஹஜ் பெருநாள் முடிந்து, "ஒருக்கா போய்ப் பாத்துட்டு வருவம்" என்று அவரே கேட்டார். "ஞாயித்துக்கெழம மட்டும் வாணாம்."

பெல்மதுளை, எம்பிலிப்பிட்டிய, நோனாகம வழியாகச் சனிக்கிழமை போனோம். குன்றின்மேல் ஆங்கிலேயர் கட்டிய மார்ட்டெல்லோ கோபுரம் அப்படியே நிற்கிறது. 1908 முதல் 1911 வரை இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃபை இன்றும் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கத்துக் காட்டுக் கிராமத்தை வைத்து 1913இல் நாவல் எழுதியவர். பெரிய துரைமாரின் கட்டடங்கள் மேட்டில் இருந்ததால் தப்பின. தாழ்வில் இருந்தவை எங்கள் ஆட்களின் வீடுகள்.

சம்பான் ஓடங்கள் வந்த தோட்டை என்பதால்தான் அம்பாந்தோட்டை என்று சொல்வார்கள். அந்த வழியில் வந்த மலாய்க்காரர்தான் உம்மும்மாவின் அயலவர். ஒரே ஒழுங்கையில் மலாயும் தமிழும் சிங்களமும் கலந்து பேசினார்களாம். யார் வீட்டில் என்ன கறி என்பது மதில் தாண்டித் தெரியுமாம்.

வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கொஞ்சத் தூரம் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். புல்லும் மணலும்தான். ஓரிடத்தில் சீமெந்துப் படி ஒன்று, ஏறிப்போக வீடில்லாமல்.

"இதுலதான் ஈந்திச்சு மகள்" என்றார். பிறகு, "இல்ல, அங்கால போல" என்றார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அழுவார் என்று நினைத்திருந்தேன்; வீடு இருந்த இடமே அவருக்குத் தெரியாமல் போகும் என்று நினைக்கவில்லை.

தப்பிய சொந்தக்காரர்கள் உள்ளே சிரிபோபுரவில் குடியேற்றப்பட்டவர்கள். அங்கே வீதிகள் நேராக இருக்கின்றன. 2010இல் திறந்த புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைத் தூரத்திலிருந்து பார்த்தோம். உம்மும்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வரும் வழியில் என் கொப்பியை வாங்கி ஒழுங்கையை வரைந்தார். பள்ளிவாசலில் தொடங்கி, வீடு வீடாக, கிணறு, முருங்கை மரம், தையல்காரர் திண்ணை. நாலாவது வீட்டில் பேனா நின்றது. எம்பிலிப்பிட்டிய தாண்டும்வரை யோசித்தார். பிறகு என் போனை வாங்கிச் சிரிபோபுரவிலுள்ள மச்சிக்கு எடுத்தார்.

"நம்மட ஒழுங்கைல நாலாவது ஊடு யார்ட?"

மறுமுனையிலும் யோசிப்பது எனக்குக் கேட்டது.