ஆரூர் வருமுன்

கோடை விடுமுறை விட்டதும் மாயவரத்திலிருந்து திருவாரூர் அத்தை வீட்டுக்குப் பாசஞ்சர் ரயிலில் கிளம்பிவிடுவோம். மீட்டர் கேஜ் பாதை. வண்டிக்கு அவசரமே கிடையாது. ஜன்னலோரம் எனக்கு, எதிர் சீட்டு தாத்தாவுக்கு. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூடத்திலிருந்து மட்டும்தான் ஓய்வு.

"மாயவரம். அலகிடு பாப்போம்."

தொடையில் தட்டிக்கொண்டே சொல்வேன். மா, நேர். யவ, நிரை. ரம், நேர். கூவிளங்காய். அடுத்து பேரளம்: நேர் நிரை, கூவிளம். பூந்தோட்டம் தேமாங்காய். நன்னிலம் மறுபடி கூவிளம். நடுவில் வரும் சின்ன நிறுத்தங்களைத் தாத்தா கண்டுகொள்ளவே மாட்டார்.

"இப்ப சேர்த்துச் சொல்லு. காய் முன் நேர், விளம் முன் நேர், திரும்பவும் காய் முன் நேர். சுத்தமான வெண்டளை. நாலு சீர் வந்தாச்சு, குறளுக்கு முதலடி ரெடி."

அடுத்தது திருவாரூர்தானே என்றேன்.

"தட்டுதுடா. விளம் முன் நேர்தான் வரணும். திரு நிரையாச்சே, ஆசிரியத்தளை வந்து உக்காந்துடும். தேவாரக்காரங்க ஆரூர்னு சொல்றாங்கள்ல, அதைப் போடு."

ஆரூர் தேமா. மா முன் நிரை வேண்டும். ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு இவற்றில் ஒன்றாக நிற்க வேண்டும். நன்னிலம் தாண்டினால் நான் தூங்கிவிடுவேன். அதை வைத்தே முடித்தார்:

மாயவரம் பேரளம் பூந்தோட்டம் நன்னிலம்
ஆரூர் வருமுன் எழு.

வருமுன் புளிமா, எழு மலர். எதுகை எங்கே என்று கேட்டேன். யகரமும் ரகரமும் இடையினம், இனவெதுகை என்று சமாளித்தார். (மயிலாடுதுறை என்று ஊர்ப்பெயர் மாறியபின் அந்த முதல் சீர் நாலசையாகிவிட்டது. பாட்டு பிழைத்தது பழைய பெயரால்தான்.)

பின்னாளில் வகுப்பில் இதெல்லாம் வாய்பாட்டு அட்டவணையாகக் கரும்பலகையில் ஏறியபோது பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் மிரண்டார்கள். மிரளாமல் என்ன செய்வார்கள்? திருக்குறளின் 1330 பாக்களும் இதே ஏழு சீர்க் கட்டுதான். வாய்விட்டுச் சொல்லி, ஓசை இடறும் இடத்தைக் காது கண்டுபிடித்தபின் தளைக்குப் பெயர் சொன்னால் போதும். அட்டவணையில் தொடங்குவது தலைகீழ்ப் பாடம்.

உங்கள் ஊர்ப் பெயரையும் அலகிட்டுப் பாருங்கள். மன்னார்குடிக்காரர்கள் மட்டும் கோபித்துக்கொள்ள வேண்டாம்: உங்களுடையது தேமாங்கனி, வெண்பாவுக்குள் கனிச்சீரை விடமாட்டார்கள்.