மலையில் ஓடிய பற்றரி

வில்பத்துக் காட்டின் வடவெல்லையிலுள்ள மறிச்சுக்கட்டியில் மலை என்று சொல்ல எதுவுமில்லை. ஆயினும் அவ்வூர் நண்பரொருவர் அண்மையில் என்னிடம் கேட்டது மலையைப் பற்றியே. நுவரெலியாவில் ஓடிய மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் ஒன்று விலைக்கு வந்திருந்தது. அவரது சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும். வாங்கலாமா?

கணக்குப் பார்த்தோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றரில். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கும்போது சுமார் 6 கிலோவாற் மணி சக்தி வெளிப்படும். அதன் பற்றரியின் மொத்தக் கொள்ளளவோ 1.3 கிலோவாற் மணி. அதிலும் ஒரு பகுதியே பயன்படுகிறது. ஆகவே இறக்கத்தின் நடுவிலேயே பற்றரி நிரம்பிவிடும். அதன்பின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது எஞ்சினும் பிறேக்கும்தான். 'பி' கியர் இருப்பது இதற்காகவே.

ஏற்றத்தில் வேகமாக வடிவதும் இறக்கத்தில் வேகமாக நிரம்புவதும் பற்றரியைச் சூடாக்கும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரிக்கு வெப்பமே பெரும்பகை. உள்ளேயிருக்கும் 28 அலகுகளில் ஒன்று தளர்ந்தாலும் முழுப் பற்றரியும் தடுமாறும்.

சமதரையும் குற்றமற்றதன்று. மன்னார்க் கரையின் வெயிலும் புழுதியும் பின்னிருக்கையோரக் காற்றுத்துளையை அடைத்தால் அதே வெப்பம் இங்கும் மூளும்.

மலையில் ஓடியது என்பதற்காக மட்டும் விலக்கவேண்டாம். ஓட்டிப்பார்த்து, ஒவ்வோர் அலகின் வோல்ற்றளவையும் கருவியில் பார்க்காமல் வாங்கவும் வேண்டாம் என்றேன். விற்பவர் சோதனைக்கு இணங்கவில்லை. நண்பர் முற்பணம் கொடுக்காமலே ஊர் திரும்பினார்.