ஒருவழிக் காற்று

கரீபியன் கடலின் தென்கிழக்கு ஓரத்தில், செயின்ட் வின்சென்ட்டின் தென்முனைக்கும் கிரெனடாவின் வடமுனைக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர் கடல். அதில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கும் திட்டுகளுக்கும் சேர்த்து கிரெனடீன்ஸ் என்று பெயர். நண்பர்களாகச் சேர்ந்து பாய்மரப் படகில் தீவு தீவாகப் போக இதைவிடத் தோதான கடல் உலகில் குறைவு. அதற்குக் காரணம் காற்று.

டிசம்பர் முதல் மே வரை வியாபாரக் காற்று கிழக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ பெரும்பாலும் 15 முதல் 20 நாட் வேகத்தில் இரவு பகல் பாராமல் வீசும். தீவுகளோ வடக்கு-வடகிழக்கிலிருந்து தெற்கு-தென்மேற்காக வரிசை கட்டி நிற்கின்றன. ஆகவே தெற்கே போகும் படகுக்குக் காற்று இடப்பக்கம் வந்து விழும். பக்கக் காற்றில்தான் பாய்மரப் படகு சுகமாக ஓடும். பெரும்பாலும் ஒரு தீவை விட்டுக் கிளம்பும்போதே அடுத்தது கண்ணில் பட்டுவிடும். தூத்துக்குடிக்கார நண்பன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: “கொண்டல் காத்துடா. இது நின்னா நாம நின்னோம்.”

செயின்ட் வின்சென்ட்டில் சாமான் ஏற்றினோம். கிங்ஸ்டவுன் சந்தையில் சீமைப்பலா குவிந்து கிடந்தது. பசிபிக் தீவுகளில் விளைந்த இந்த மரத்தின் கன்றுகளை 1793-இல் இங்கே கொண்டு வந்து இறக்கியவர் கேப்டன் பிளை. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட வேண்டும் என்பது கணக்கு. இன்று சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனும்தான் செயின்ட் வின்சென்ட் நாட்டின் தேசிய உணவு. அடிமை முறை ஒழிந்தபின் அதே தோட்டங்களுக்குக் கூலி ஆள் தேடினார்கள். 1861 ஜூன் 1 அன்று ‘டிராவன்கோர்’ என்ற கப்பல் மதராஸிலிருந்து 250-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு வந்தது. அந்தத் தேதியை இந்தியர் வருகை நாளாக இந்நாடு இப்போது கடைப்பிடிக்கிறது. நாங்கள் பொழுதுபோக்க வந்த கடலுக்கு அவர்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள்.

முதல் தாவல் பெக்வேக்கு. தூரம் குறைவுதான், ஆனால் இரண்டு தீவுகளுக்கு நடுவே அட்லாண்டிக் முழுவதும் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. படகின் அணியத்தைத் தீவுக்கு நேராக வைக்காமல், கிழக்கே நன்றாகத் தள்ளி வைத்தார் எங்கள் மாலுமி. நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டே இருப்பதால், நேராகப் பிடித்தால் தீவைத் தவறவிட்டுத் திறந்த கடலுக்குப் போய்விடுவோமாம். அவர் பெக்வேக்காரர். அந்த ஊரில் படகு என்பது தொழில், வழக்கு, கௌரவம் எல்லாம். பாயும் துடுப்பும் கொண்ட திறந்த படகில் போய்க் கையால் ஈட்டி எறிந்து திமிங்கிலம் பிடிக்கும் வழக்கம் அங்கே 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிறது. சர்வதேசத் திமிங்கில ஆணையம் அனுமதிப்பது ஆண்டுக்குச் சராசரியாக 4. பல ஆண்டுகளில் அந்த நான்கும் கிடைப்பதில்லை. இதை நிறுத்த வேண்டும் என்று தீவுக்குள்ளேயே பேசுகிறவர்கள் உண்டு. எங்கள் மாலுமி எந்தப் பக்கம் என்று கேட்டோம். பாயைச் சரிசெய்யச் சொன்னார்.

மஸ்டீக்கைத் தூரத்தில் பார்த்தபடி கடந்தோம். 1958-இல் காலின் டெனன்ட் என்ற பிரபு 45,000 பவுண்டுக்கு வாங்கிய தீவு. இளவரசி மார்கரெட்டுக்கு அவர் ஒரு மனையைத் திருமணப் பரிசாகத் தந்ததும் பணக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள். கனுவானிலும் பாதித் தீவு சொகுசு விடுதிக்குள் போய்விட்டது.

படகு வாழ்க்கைக்கும் நட்புக்கும் உள்ள உறவு இதற்குள் எங்களுக்குப் பிடிபட்டிருந்தது. நாற்பத்தைந்து அடிப் படகில் கோபித்துக்கொண்டு போக இடமில்லை. எல்லாருக்கும் பொது எதிரி நன்னீர்த் தொட்டியின் அளவுமானி. பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்தபடி விடுகிறவனுக்கு “டேய், மூடுடா!” என்று நான்கு திசையிலிருந்தும் குரல் வரும். கடலில் குளித்து, கடைசியில் ஒரு குவளை நன்னீரால் உப்பைக் கழுவுவதுதான் முறை. அடுப்பு படகின் ஆட்டத்துக்கு எதிராக ஆடும்படி தொங்கவிடப்பட்டிருக்கும். அதில் ரசம் வைத்த நண்பனை அதன்பின் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

சுமார் 300 பேர் மட்டுமே வாழும் மைரோ தீவின் குன்றுத் தேவாலயத்திலிருந்து கிழக்கே பார்த்தால் டொபேகோ கீஸ் தெரியும்: ஆளில்லாத ஐந்து திட்டுகள், நான்கைக் குதிரை லாட வடிவத்தில் அணைத்திருக்கும் பவளப்பாறை, ஐந்தாவது அதற்கு வெளியே. உள்ளே நுழைவதற்கு வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. சூரியன் உச்சியை நெருங்கும் நேரத்தில், அது முதுகுப் பக்கம் இருக்கும்படி வர வேண்டும். அணியத்தில் ஒருவர் நின்று நிறம் சொல்ல வேண்டும். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு பாறை. மேகம் மறைத்தால் எல்லாம் ஒரே சாம்பல், அப்போது காத்திருப்பதே வழி. உள்ளே போனதும் ஒரு விநோதம்: காற்று முகத்தில் அறைகிறது, அலை இல்லை. அட்லாண்டிக்கின் அலை முழுவதும் அந்தப் பாறையில் மோதி உடைகிறது. 1997 முதல் இது கடல் பூங்கா. கடற்புல் மேயும் பச்சை ஆமைகளுக்காக ஒரு பகுதியில் நங்கூரம் போடக் கூடாது. நங்கூரம் ஒருமுறை இழுபட்டால் ஆமையின் மேய்ச்சல் நிலம் உழப்பட்டுவிடும்.

அங்கிருந்து யூனியன் தீவு. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் இந்தத் தீவின் வீடுகளில் ஏறக்குறைய 90 சதவீதத்தை அழித்தது அல்லது கடுமையாகச் சிதைத்தது. ஜூலை முதல் வாரத்தில் அத்தனை வலிமையான புயலை அட்லாண்டிக் அதுவரை கண்டதில்லை. எங்களைச் சுகமாகத் தள்ளிக்கொண்டு வந்த அதே கிழக்குக் காற்றுதான் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து புயலின் விதையையும் சுமந்து வருகிறது. சூடேறிய கடல் அதை ஊதிப் பெருக்குகிறது. புயலுக்குப்பின் யூனியன் மக்களைப் படகுகள்தான் வடக்கே செயின்ட் வின்சென்ட்டுக்கு ஏற்றிச் சென்றன. நாங்கள் போனபோது கிளிஃப்டனில் புதுக் கூரைத் தகடுகளும் கூரையில்லாத சுவர்களும் அடுத்தடுத்து நின்றன. காய்கறிக்காரம்மா தன் வீட்டைப் பற்றி நாங்கள் கேட்காமலே சொன்னார். விலை மட்டும் குறைக்கவில்லை. அதுவும் சரிதான்.

கிளிஃப்டனில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க வேண்டும், ஏனென்றால் செயின்ட் வின்சென்ட் நாட்டின் எல்லை இங்கே நெருங்கிவிடுகிறது. சில மைல் தெற்கே இருக்கும் கரியக்கூ கிரெனடாவுக்குச் சொந்தம். மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டு போய், சுங்க அனுமதி கிடைத்தபின் அதை இறக்கிவிட்டு அந்நாட்டுக் கொடியை ஏற்ற வேண்டும். 1974-இல் கிரெனடாவும் 1979-இல் செயின்ட் வின்சென்ட்டும் விடுதலை பெற்றபோது, பிரிட்டிஷார் விட்டுப்போன கோடு நாட்டு எல்லையாகிவிட்டது. அந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே தொழில், ஒரே மீன், பல இடங்களில் ஒரே உறவினர்.

கரியக்கூவின் விண்ட்வர்ட் கிராமத்தில் இன்றும் கடற்கரையிலேயே படகு கட்டுகிறார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்த தச்சர்களின் வழி வந்த கைவேலை. வரைபடம் இல்லை, உள்ளூர் மரத்தின் இயற்கையான வளைவைப் பார்த்துச் சட்டம் வெட்டுவார்கள். படகைக் கடலில் இறக்கும் நாளில் ஆடு பலியிட்டு, ரம் தெளித்து, ஊரே கயிறு பிடித்து இழுக்கும். இவை அலங்காரப் படகுகள் அல்ல. வடக்கே செயின்ட் பார்ட்ஸ் வரை போய், வரி கட்டாத மதுவை ஏற்றி, சுங்கப் படகுகளுக்குத் தண்ணி காட்டித் திரும்பியவை. அதே தீவின் டிரெல் விரிகுடாவை ஒட்டிய அலையாத்திக் காடு புயலுக்குப் பாதுகாப்பான இடம் என்று பெயர் பெற்றது. அதை நம்பி உள்ளே கட்டிப்போட்ட பல படகுகளைப் பெரில் நொறுக்கியது.

கரியக்கூவுக்கும் கிரெனடாவுக்கும் நடுவே வழி சற்று வளைந்து போகிறது. அங்கே கடலுக்கடியில் கிக் எம் ஜென்னி என்ற எரிமலை இருக்கிறது. 1939-இல் வெடித்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. அதன் உச்சி நீர்மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்குள் உள்ளது. அமைதிக் காலத்திலும் 1.5 கிலோமீட்டர் விலகியே போக வேண்டும். வாயு கிளம்பினால் நீரின் அடர்த்தி குறைந்து, மிதக்கும் படகு மிதக்காமல் போகலாம். மாலுமி நல்ல தூரம் விட்டார். யாரும் குறுக்குவழி கேட்கவில்லை.

கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ் துறைமுகத்தில் ஜாதிக்காய் வாங்கினோம். கொடியிலேயே ஜாதிக்காய் வரைந்த நாடு. 2004-இல் இவான் புயல் அதன் தோட்டங்களைச் சாய்த்தது. புது மரம் காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் அந்த இழப்பு நெடுநாள் நீடித்தது.

எங்களைப் போன்றவர்களில் பலர் படகை அங்கே ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். நாங்கள் வடக்கே திரும்பினோம். வந்த வழியே போனாலும் அது வேறு கடல். காற்று முன்பக்கமிருந்து சாய்வாக வருகிறது. நீரோட்டம் மேற்கே தள்ளுகிறது. பாயை மாற்றி மாற்றி, வளைந்து வளைந்து ஏற வேண்டியிருந்தது. அணியம் ஒவ்வோர் அலையிலும் அடி வாங்கியது. ரசம் நின்றுபோனது, பாட்டும் நின்றுபோனது. மதியம் தாண்டியும் அதே மலை அதே இடத்தில் நின்றது.

இத்தீவுகளை அமைதிச் சொர்க்கம் என்று விற்கும் விளம்பரங்கள் தெற்கு நோக்கிய பயணத்தை மட்டுமே காட்டுகின்றன. இங்கே வாழ்கிறவர்கள் மீனுக்கும் சரக்குக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் இரண்டு திசையிலும் போய்வந்தவர்கள். விண்ட்வர்ட் தச்சர்கள் படகின் அடிப்பகுதியை ஆழமாகக் கட்டுவது எதிர்காற்றில் ஏறத்தான். கிரெனடீன்ஸுக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரே யோசனைதான் உண்டு: படகைக் கிரெனடாவில் விட்டுவிடாதீர்கள். ஒரு தீவாவது வடக்கே ஏறிப் பாருங்கள்.