விப்மோலென்: தூணுக்குள் சுழலும் தண்டு

நெதர்லாந்தின் தாழ்நிலங்களில் நீர் இறைக்கும் காற்றாலைகளில் மிகப் பழைய வகை விப்மோலென். பலத்த காற்றில் அதன் மேல்வீடு லேசாக ஆடும். 'விப்' என்ற சொல் அந்த ஆட்டத்தைத்தான் குறிக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்த இந்த வகை, அதற்கும் மூத்த மாவாலையிலிருந்து பிறந்தது. மாவாலையில் மரவீடு முழுவதும் ஒற்றைத் தூணின்மேல் உட்கார்ந்து காற்றின் பக்கம் திரும்பும். அரைக்கும் கல்லும் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அதில் சிக்கல் இல்லை. நீர் இறைக்கும் சக்கரமோ வாய்க்காலை விட்டு நகர முடியாது. இறக்கைகள் திசை மாற வேண்டும், சக்கரம் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இந்த முரணுக்கு அக்காலத் தச்சர்கள் கண்ட வழி, தூணை உள்ளீடற்ற கூடாகக் கட்டி, அதன் நடுவே ஒரு செங்குத்துத் தண்டை இறக்கியது. மேல்வீடு எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்டு அதே இடத்தில் சுழலும். மரத்தையும் இரும்பாணியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறார்கள்.

ராட்டர்டாமுக்குக் கிழக்கே உள்ள கின்டர்டைக்கில் 19 காற்றாலைகள் உள்ளன. 1997இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பெரும்பாலானவை 1738, 1740ஆம் ஆண்டுகளில் எழுந்தவை: ஒரு வரிசை செங்கல்லால் ஆன வட்டக் கோபுரங்கள், எதிர் வரிசை நாணற்கூரை போர்த்திய எண்கோணக் கோபுரங்கள். இவற்றில் தொப்பி மட்டுமே திரும்பும். ப்ளோக்வேர் என்ற ஒன்றுதான் விப்மோலென். அது ஒருமுறை தீக்கிரையாகி, மறுபடி கட்டப்பட்டது. கரையோரம் நடந்து வருபவர் கண்ணில் முதலில் படுவது உயரமான கோபுரங்கள்தான். குள்ளமான இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

விப்மோலெனில் கீழே பிரமிடு வடிவில் ஒரு வீடு, மேலே இறக்கைகளைத் தாங்கும் சிறு மரப்பெட்டி, பின்புறம் தரைவரை இறங்கும் நீண்ட வால். வாலின் நுனியில் கைச்சக்கரம் ஒன்று உண்டு. ஆலைக்காரர் அதன் சங்கிலியைத் தரையில் நட்ட முளையில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றி, மேல்வீட்டைக் காற்றுக்கு முகங்கொடுக்க வைப்பார். நான் போயிருந்த நாளில் காற்று அடிக்கடி இடம் மாறிக்கொண்டிருந்தது. ஆலைக்காரர் வாலை விட்டு அதிக நேரம் விலகவே இல்லை.

இறக்கைத் தண்டில் உள்ள பெரிய பற்சக்கரம் செங்குத்துத் தண்டைச் சுற்றும். அது கீழே இன்னொரு சக்கரத்தின் வழியாகத் துடுப்புச் சக்கரத்தை இயக்கும். துடுப்புகள் நீரை அள்ளுவதில்லை. குறுகிய செங்கல் வாய்க்காலில் வளைவான மேட்டின்மீது தள்ளி ஏற்றுகின்றன. ஏற்றக்கூடிய உயரம் சுமார் ஒன்றரை மீட்டர்தான். அதற்குமேல் வேண்டுமென்றால் ஆலைகளைப் படிப்படியாக அடுக்க வேண்டும், அல்லது 17ஆம் நூற்றாண்டில் பரவிய திருகு இயந்திரத்தைப் பொருத்த வேண்டும். மேட்டுக்கு அப்பால் ஒருவழிக் கதவு ஒன்று இருக்கிறது. வெளியேறும் நீர் அதைத் திறக்கும். சக்கரம் நின்றதும் திரும்பி வரும் நீரே அதைச் சாத்திவிடும். நம் ஊர் ஏற்றம் நீரை வயலுக்குக் கொண்டுவருவதற்கு; இங்கே பாடெல்லாம் நீரை வயலிலிருந்து விரட்டுவதற்கு. வடிக்க வடிக்கக் கரிச்சேற்று நிலம் சுருங்கித் தாழும். தாழ்ந்த நிலத்தில் மேலும் நீர் சேரும், மேலும் இறைக்க வேண்டியிருக்கும்.

ஆலைக்காரரின் திறமை பாய்களில் வெளிப்படும். ஒவ்வொரு இறக்கையையும் கீழே கொண்டுவந்து நிறுத்தி, அதன் மரச்சட்டத்தில் ஏறி, துணிப்பாயை விரிப்பார் அல்லது சுருட்டுவார். காற்று எவ்வளவோ அவ்வளவு துணி: முழுப்பாய், பாதிப்பாய், புயல் நேரத்தில் வெறும் சட்டம். வேகத்தை 'எண்டன்' என்று கணக்கிடுகிறார்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கை நுனிகள் கண்முன் கடக்கின்றன என்பதே அது. 60 முதல் 80 வரை நல்ல வேலை வேகம், அதாவது நிமிடத்துக்கு 15 முதல் 20 சுற்று. மரப்பற்களுக்குத் தேன்மெழுகு, இறக்கைத் தண்டின் கழுத்தைத் தாங்கும் கல்லுக்குப் பன்றிக்கொழுப்பு: மசகு இன்றும் இவைதான். எல்லாவற்றையும்விட அஞ்சப்படுவது திடீர் இடிமழை. அந்த நேரத்தில் பாய் முழுதாக விரிந்திருந்தால் பிரேக் பிடிக்காமல் போகலாம். உராய்வில் மரம் தீப்பற்றவும் கூடும். ஆகவே ஆலைக்காரரின் பேச்சில் பாதி வானத்தைப் பற்றித்தான். ஆலையை நிறுத்தியதும் இறக்கையைச் சங்கிலியால் கட்டி, இடிதாங்கிக் கம்பியை மாட்டிவிட்டே அவர் வேறு வேலைக்குப் போவார்.

ஓய்விலும் இறக்கைகள் செய்தி சொல்லும். இறக்கைகள் இடஞ்சுழியாகச் சுற்றுபவை. மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன் நின்றால் மகிழ்ச்சி, உச்சியைக் கடந்து நின்றால் துக்கம். 2014 ஜூலையில், நெதர்லாந்தினர் பலர் பயணித்த எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது பல ஆலைகள் துக்க நிலையில் நிறுத்தப்பட்டன.

கீழ்வீட்டில்தான் ஆலைக்காரரின் குடும்பம் இருந்தது. சுவரில் பதித்த அலமாரிக் கட்டில்கள், நடுவே தண்டு, வாசலுக்கு வெளியே தரையை ஒட்டிச் சீறிப்போகும் இறக்கைகள். சுற்றுலாப் படங்களில் அழகாகத் தெரியும் இந்த வீடு, பல குழந்தைகளை வளர்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். சம்பளம் போதாததால் வாய்க்காலில் மீன் பிடித்தும் காய்கறி பயிரிட்டும் பிழைத்தார்கள்.

கின்டர்டைக்கின் நீரை இப்போது பெரிய திருகு இயந்திரங்கள் கொண்ட இறைப்பு நிலையம் வெளியேற்றுகிறது. இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிடைக்காதபோது ஆலைகள் மீண்டும் கைகொடுத்தன. இன்று நாடெங்கும் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட காற்றாலைகளே எஞ்சியுள்ளன. அவற்றில் பலவற்றை ஓட்டுபவர்கள் வேறு தொழிலில் இருக்கும் தன்னார்வலர்கள். அவர்களுடைய சங்கம் 1972இல் தொடங்கப்பட்டது. ஆலைக்காரர் தொழிலை யுனெஸ்கோ 2017இல் வாழும் மரபாக அங்கீகரித்தது. பயிற்சி பெறுபவர் எல்லாப் பருவத்துக் காற்றிலும் ஆலையில் நின்று பழக வேண்டும். தேர்வில் பாய் கட்டுவதோடு மேகங்களைப் படிப்பதும் கேட்கப்படும். ஓடாத ஆலையில் மரம் விரைவில் பழுதாகும். தேவையில்லாவிட்டாலும் அவ்வப்போது ஓட்டுவதற்குக் காரணம் அதுவே.