செம்பிற் களிம்பு

தானியங்கி கியர்பெட்டி கொண்ட டிரக் ஒன்று இழுக்க மறுக்கும்போது இரண்டு விதமாக மறுக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் மட்டும் கூச்சலிட்டு, ஆர்.பி.எம். முள் மேலே பறக்க, வண்டி அதில் தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் நிற்பது ஒருவிதம். எஞ்சின் அடித்தொண்டையில் முனக, முள் அளவோடு எழ, முதியவர் மாடிப்படி ஏறுவதுபோல வண்டி மெல்ல நகர்வது மற்றொரு விதம். பட்டறையில் இரண்டும் 'வண்டி எடுக்கவில்லை' என்ற ஒரே வரியாகத்தான் எழுதப்படுகின்றன. முதலாவது பெரும்பாலும் கிளட்ச் வழுக்குவது. இரண்டாவது, பெட்டியின் உறுப்புகள் யாவும் நலமாக இருக்க, அவற்றுக்கு ஆணை வந்து சேராததாக இருக்கலாம். இரண்டுக்குமான செலவு வேறுபாடு பல ஆயிரம் டாலர்.

இலக்கியப் பக்கத்தில் கியர்பெட்டிக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். குறிப்பறிதல் என்ற பெயரில் வள்ளுவர் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலுக்கு. பழைய டிரக்கை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கு மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ரமேட்டிக்' என்ற தானியங்கிப் பெட்டி வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள், எந்த கியர் எப்போது விழவேண்டும் என்று தீர்மானித்தது ஆயில்தான். கவர்னர் என்னும் சுழலும் பாகம் வண்டியின் வேகத்தை ஆயில் அழுத்தமாக மாற்றும். ஆக்சிலரேட்டரின் மிதி வேறோர் அழுத்தத்தைத் தரும். இரண்டும் ஒரு வால்வின் இரு முனைகளில் மோதிக்கொள்ளும். வேகத்தின் பக்கம் வென்றால் மேல் கியர். வால்வு பாடி என்ற அந்த உலோகத் தட்டைப் பிரித்துப் பார்த்தவர்கள், எறும்புப் புற்றைக் குறுக்கே அறுத்ததுபோன்ற அதன் சந்துகளை மறக்கமாட்டார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தீர்மானிக்கும் வேலை கணினிக்குப் போயிற்று. சொலினாய்டு என்ற சிறு மின்காந்த அடைப்பான்கள் வழியே கணினி ஆணையிடும். கிளட்சுகளை அழுத்தும் வேலை மட்டும் ஆயிலிடமே தங்கிவிட்டது. மின்சாரமா, இயந்திரமா என்ற கேள்வி அன்று பிறந்தது.

நாங்கள் இருவர், கணவனும் மனைவியும். ஓஹாயோவில் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் பயிரிட்டுச் சனிக்கிழமைச் சந்தையில் விற்கிறோம். எங்களது நான்காயிரம் டாலருக்கு வாங்கிய பழைய பிக்கப் டிரக். அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பின்னால் தெரியவரப்போகிறபடி, குற்றம் அவர்களுடையதல்ல. 2019 அக்டோபரில், பருவத்தின் கடைசி வாரங்களில், அது இழுக்க மறுத்தது. முதலில் பார்த்த பட்டறைக்காரர் இரண்டு மைல் ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளட்ச் கருகிவிட்டது, பெட்டியை இறக்கிப் புதுப்பிக்கவேண்டும், 3,200 டாலர் என்றார். எங்களுக்கு அது அந்த ஆண்டின் கத்தரிக்காய் முழுவதும்.

பணத்தைக் காட்டிலும் அந்தத் தீர்ப்பின் வேகமே எங்களை உறுத்திற்று. ஏனெனில் வண்டி வேறு சாட்சியங்களையும் சொல்லிக்கொண்டிருந்தது. நோய் மழைநாளில் வந்தது. உலர்ந்த மறுநாள் காலையில் காணாமற்போயிற்று. தேய்ந்த கிளட்ச் ஓர் இரவில் வளர்ந்துவிடாது. (சூட்டுக்கும் குளிருக்கும் ஏற்ப வந்துபோகும் பழுது வேறு கதை, இறுகிப்போன ரப்பர் சீல்களும் சிக்கிக்கொள்ளும் வால்வுகளும் அப்படி நடிக்கும். ஈரத்துக்கும் குலுக்கலுக்கும் ஏற்ப வந்துபோவதையே மின்சாரத்தின் கணக்கில் எழுதலாம்.) ஆயில் சிவப்பாக இருந்தது, கருகிய வாடை இல்லை. பின்கியர் வழக்கத்தைவிடக் கடுமையாக, ஓர் இடியுடன் விழுந்தது. முள் ஒருமுறைகூடப் பறக்கவில்லை.

எங்கள் வண்டியின் நான்கு கியர் பெட்டியில் கியர் மாற்ற இரண்டு சொலினாய்டுகள். இரண்டும் எரிந்தால் முதல் கியர். முதலாவது அணைந்தால் இரண்டாம் கியர். இரண்டும் அணைந்தால் மூன்றாம் கியர். முதலாவது மட்டும் எரிந்தால் நான்காம் கியர். ஒயர் அறுந்தால் இரண்டும் அணையும் என்பதால், மின்சாரம் இழந்த பெட்டி தானாகவே மூன்றில் போய் அமர்கிறது. ஆயில் அழுத்தத்தைக் குறைத்து மென்மையாக்கும் இன்னொரு சொலினாய்டும் அணைவதால் அழுத்தம் உச்சத்துக்கு ஏறுகிறது. பின்கியரின் இடி அதனால்தான். இதை வடிவமைத்தவர்களின் கருணை என்றே சொல்லத் தோன்றுகிறது. வேகமாகப் போகையில் மின்சாரம் அறுந்து பெட்டி முதல் கியருக்கு விழுந்தால் ஆபத்து. மூன்றில் தொற்றிக்கொண்டு எப்படியாவது வீடு சேரலாம். ஆனால் முதல் கியரின் விகிதம் 3.06, மூன்றின் விகிதம் 1. நின்ற இடத்திலிருந்து மூன்றில் கிளம்பும் வண்டிக்கு வழக்கமான பலத்தில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. அதுதான் அந்த முனகல்.

இன்னொன்றும் உண்டு. இவ்வகைப் பெட்டிகளில் முதலில் கருகுவது மூன்றாம், நான்காம் கியர்களுக்கான கிளட்ச். கருகியதாகச் சொல்லப்பட்ட அதே கிளட்ச்தான், காய்க்கூடைகள் ஏற்றிய வண்டியை நின்ற இடத்திலிருந்து வழுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தது. இதைப் பட்டறைக்காரரிடம் சொன்னோம். அவர் தோளைக் குலுக்கினார்.

பெட்டியின் பக்கத்தில் செருகியிருக்கும் பெரிய பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது பழைய தந்திரம். நல்லநிலையில் ஓடிய ஓர் உலர்ந்த நாளில் கழற்றினோம். அதே முனகல், அதே இடி, அதே மூன்றாம் கியர். நோயை நாங்களே வரவழைத்துவிட்டோம் என்றால் அதன் இருப்பிடமும் தெரிந்துவிட்டது என்று பொருள்.

கணினியின் குறியீடும் அதைத்தான் சொல்லியிருந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களிலும் இலகுரக டிரக்குகளிலும் பொதுவான குறியீட்டு முறை கட்டாயம். அதில் பி0751 என்றால் முதல் சொலினாய்டு சொன்னதைச் செய்யவில்லை என்று பொருள். அடைப்பு, சிக்கிய வால்வு என்று எதுவாகவும் இருக்கலாம். பி0753 என்றால் அதன் மின்சுற்றிலேயே கோளாறு. எங்களுக்கு வந்தது இரண்டாவது, அத்துடன் மற்ற சொலினாய்டுக்கான அதன் உடன்பிறப்பு பி0758. இரண்டு சொலினாய்டுகள் ஒரே நாளில் சேர்ந்து சாவது அரிது. இரண்டுக்கும் பொதுவான ஊட்டு ஒயர் ஒன்று சாவது எளிது.

சொலினாய்டுகளின் மின்தடை இருபது ஓமுக்குச் சற்று மேல், நலம். ஊட்டு ஒயரில் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டிற்று. அதுவும் நலம் என்றது. இங்கேதான் பலர் ஏமாந்துபோய்ப் பெட்டியை இறக்குகிறார்கள். மல்டிமீட்டர் ஒயரிடமிருந்து ஏறக்குறைய எதையும் கேட்பதில்லை. ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் முழு வோல்டேஜைக் காட்டும். சுமை வைத்துக் கேட்கவேண்டும். ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த ஒயரில் இணைத்தோம். விளக்கு சிவந்து மங்கியது. மீட்டர் நான்கு வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது.

அடிச்சட்டத்தின் ஓரமாக ஒயரைத் தடவிக்கொண்டே போனதில் ஓரிடத்தில் உறை உப்பியிருந்தது. கீறினோம். உள்ளே செம்பு இருந்த இடத்தில் பச்சைப் பொடி. இரண்டு மூன்று இழைகளே பாக்கி. ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை காட்டும் சைவ சித்தாந்திகள், களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, செம்போடு உடன்பிறந்தது என்று வாதிப்பார்கள். எங்கள் களிம்பு ஒவ்வொரு பனிக்காலத்திலும் சாலையில் கொட்டப்படும் உப்பின் கொடை. தத்துவத்தில் அதற்கு இடமில்லை. ஓரடி ஒயரை வெட்டியெறிந்து புதியதைப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையிட்டு மூடினோம். பத்து டாலர் ஆகவில்லை. அந்தச் சனிக்கிழமை சந்தைக்குப் போனோம்.

2021 கோடையில் அதே வண்டி மீண்டும் படுத்தது. இம்முறை முதல் கியரில் கம்பீரமாகக் கிளம்பிற்று. இரண்டாவது விழவேண்டிய இடத்தில் எஞ்சின் வெறுமையில் அலறிற்று, முள் பறந்தது, பிறகு மூன்றில் பிடித்துக்கொண்டது. நான்காவதும் இல்லை. பின்கியரில் போட்டால் அசைவே இல்லை. குறியீடு தேட நாங்கள் முனையவில்லை. எங்கள் பெட்டியில் பின்கியரைத் தருவது லீவரின் கேபிள் நகர்த்தும் வால்வு. அதில் எந்தச் சொலினாய்டுக்கும் வேலையில்லை. மின்சாரம் எதை வேண்டுமானாலும் பறிக்கலாம், பின்கியரைப் பறிக்க அதனால் ஆகாது. இரண்டு, நான்கு, பின்கியர் மூன்றும் சேர்ந்து போகவேண்டுமானால் அம்மூன்றுக்கும் பொதுவான உறுப்பு ஒன்று உடைந்திருக்கவேண்டும். அது உட்புறத்துச் சூரியப் பற்சக்கரத்தைப் பற்றியிருக்கும் எஃகு ஓடு.

பறித்த காய் காத்திருக்காது என்பதால் அந்த வாரமும் சந்தைக்குப் போனோம். பின்னால் எடுக்கவே தேவைப்படாத ஓர் ஓர இடத்தைப் பக்கத்துக் கடைக்காரரிடம் மாற்றிக் கேட்டு வாங்கினோம். திங்களன்று வேறொரு பட்டறையில் பெட்டியை இறக்கினார்கள். 2,600 டாலர்; பேரம் பேசாமல் கொடுத்தோம். அவர்கள் எடுத்துக் காட்டிய ஓட்டின் கழுத்தில், பற்கள் இருந்திருக்கவேண்டிய வளையம் சாம்பலிட்டுத் துலக்கிய பாத்திரம்போல் வழவழவென்றிருந்தது.