நாலு பேருக்கு ஒரு பெட்டி

மே விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் நால்வரும் வருகிறார்கள். போன வருடம் ஆளுக்கொரு கைபேசியோடு மூலைக்கொருவராய்க் கிடந்தார்கள். இந்தத் தடவை நால்வரும் சேர்ந்து ஆட ஆர்கேட் பெட்டி ஒன்றை நானே செய்யப் போகிறேன். நின்று ஆடுவது வேண்டாம். மூத்தவன் சக்கர நாற்காலிப் பிள்ளை. ஓரமாய் இருந்து அவன் வேடிக்கை பார்த்தது போதும்.

1980-இல் அடாரி வெளியிட்ட 'வார்லார்ட்ஸ்' மேசை வடிவிலும் வந்தது. எதிரும் புதிருமாய் நாலு பேர் உட்காரலாம். மூலைக்கொரு கோட்டை, ஆளுக்கொரு திருகு குமிழ். அதே மாதிரிதான் இதுவும். மல்லாக்க வைத்த திரை, மேலே கண்ணாடி, உள்ளே ராஸ்பெரி பை. முழங்கால் நுழைய அடியில் 27 அங்குலம் கட்டாயம் என்று ஆசாரியிடம் சொல்லியாயிற்று.

"பேசாமல் கேரம் போர்டு வாங்கலாமே" என்கிறாள் வீட்டுக்காரி. சுண்டுவதற்கு அவன் விரலில் தெம்பு ஏது? குமிழைத் திருக உள்ளங்கை போதும்.