பொழைக்க வந்தவர்

போன வாரம் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு வேலை கிடைத்தது. போஸ்டிங் நொய்டா. வீட்டில் சந்தோஷமும் அழுகையும் கலந்து ஒரு மாதிரி இருந்தது. "அவ்வளவு தூரமா? பெங்களூர்ல எதும் கெடைக்கலியா?" என்று அம்மா ஆரம்பிக்க, ஈஸி சேரில் இருந்த அப்புச்சி மட்டும், "போகட்டும் உடு. அந்தப் பந்துக்காரப் பையன் எத்தன கடலத் தாண்டி இங்க வந்தான்?" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவர் சொன்னது பெத்ரோ மான்ஸியை.

கால்பந்து உலகத்தில் நாடோடி ஸ்ட்ரைக்கர்கள் என்று ஒரு இனமே உண்டு. மத்திய அமெரிக்காவின் சின்ன நாடுகளில் இருந்து இப்படி நிறைய பேர் கிளம்புவார்கள். ஹோண்டுராஸின் கார்லோஸ் பாவோனை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ, ஸ்பெயின், இத்தாலி, கொலம்பியா, அமெரிக்கா என்று சுற்றினார். சொந்த நாட்டு அணிக்கு அதிக கோல் அடித்தவரும் அவர்தான். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது நம் கோயமுத்தூருக்கு வந்தவர்தான். மான்ஸி மத்திய அமெரிக்கா இல்லை, இன்னும் தெற்கே, உருகுவேயின் மான்டிவீடியோவில் பிறந்தவர். ஆடியது பெரும்பாலும் ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில். நாம் டிவியில் பார்க்கிற ஸ்பெயின் இல்லை அது. சம்பளமும் கூட்டமும் கம்மியான ஸ்பெயின்.

2018 அக்டோபரில் அவருக்கு 30 வயது முடிந்தது. ஸ்ட்ரைக்கருக்கு 30 என்றால் நம்மூர் பாஷையில் "இனி எங்கப்பா" வயசு. அந்த வயதில் அவர் சேர்ந்த அணி சென்னை சிட்டி எஃப்சி.

பெயரில்தான் சென்னை. 2017-18 சீசனில் இருந்து அவர்களுக்கு சொந்த மைதானம் நம் நேரு ஸ்டேடியம்தான். அதற்கு முந்தைய இரண்டு ஐ-லீக் சீசனிலும் எட்டாவது இடம் பிடித்த அணி. 2018 அக்டோபர் 26, இந்தியன் ஏரோஸ் கூட சீசனின் முதல் ஆட்டம். நம்மாள் ஹாட்ரிக். 4-1. அடுத்த நாள் ஸ்கூலில் இதைச் சொன்னபோது பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் "நேரு ஸ்டேடியத்துல மேட்ச் எல்லாம் நடக்குதா?" என்று கேட்டான். அதுதான் நம்ம ஊர் நிலவரம்!

நான் அப்போது ஒன்பதாவது. அப்புச்சி பழைய மில் தொழிலாளி. மில் டீமுக்காக வெறுங்காலில் பந்து ஆடியவர். மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் முட்டியில் தழும்பு இன்னும் இருக்கிறது. முதல் முறை கூட்டிக்கொண்டு போனபோது நடந்த உரையாடல் இது:

"ஏங்கண்ணு, அந்தப் பையன் எந்தூரு?"

"உருகுவேங்க அப்புச்சி."

"அது எங்கிருக்குது?"

"தென் அமெரிக்காங்க."

"அங்கிருந்து இங்க வந்தா பந்து ஒதைக்கறான்? பாவம், பொழைக்க வந்திருக்கான்."

இந்த "பாவம்" எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. என் ஹீரோவை ஏதோ சைட்டில் வேலை தேடி வந்தவர் மாதிரிப் பேசினால்? ஆனால் அப்புச்சி இளக்காரமாகச் சொல்லவில்லை என்பது கொஞ்சம் வளர்ந்த பிறகு புரிந்தது. அவரே பொள்ளாச்சிப் பக்கம் இருந்து மில் வேலைக்கு வந்தவர். அவர் அகராதியில் அது மரியாதையான வார்த்தை.

மான்ஸியின் ஆட்டம் பார்க்க அப்படி ஒன்றும் கண்ணைப் பறிக்காது. நாலு பேரை வளைத்துக்கொண்டு போகிற வேலை எல்லாம் கிடையாது. பாதி நேரம் ஆள் எங்கே என்றே தெரியாது. திடீரென்று பந்து வரும் இடத்தில் நிற்பார். "இவன் ஓடறதில்ல, காத்திருக்கறான்" என்பது அப்புச்சியின் விமர்சனம். 30 வயதில் முட்டியை மிச்சம் பிடித்து ஆடுகிறவன் அப்படித்தானே ஆட முடியும்! அந்த சீசனில் அப்படிக் காத்திருந்தே 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸில் ஆடிய டிரினிடாட்காரர் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. அந்த வருஷம் ஐ-லீக்கின் உச்சியில் நின்ற இரண்டு பேருமே வெகுதூரத்தில் இருந்து வந்த நாடோடிகள். ஈஸ்ட் பெங்காலில் மத்திய அமெரிக்காக்காரர் ஒருத்தரும் இருந்தார், இரண்டு உலகக் கோப்பை பார்த்த கோஸ்டா ரிகா டிபெண்டர் ஜானி அகோஸ்டா. அந்த அணியை நம் ஆட்கள் இரண்டு முறையும் தோற்கடித்தார்கள் என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி ஆட்டம். எதிரில் முந்தைய வருஷ சாம்பியன் மினர்வா பஞ்சாப். நாம் ஜெயித்தால் கோப்பை. தவறினால், கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடும் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆட்டம் தொடங்கி சில நிமிஷத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை எங்கள் கேலரியில் பேச்சே இல்லை. அப்புச்சி கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

இரண்டாம் பாதியில் பெனால்டி. மான்ஸி பந்தை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன் (சிரிக்காதீங்க). சத்தத்தை வைத்துத்தான் கோல் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு கோல் அடித்தவர் கௌரவ் போரா. அசாம்காரர். 3-1. ஈஸ்ட் பெங்காலும் அங்கே ஜெயித்திருந்தது, ஆனால் 43 புள்ளிக்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுதான் முதல் முறை. கோச் அக்பர் நவாஸ் சிங்கப்பூர். நடுவில் ஸ்பெயின்காரர்கள். கூடவே எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் தமிழ்ப் பையன்கள். கோயமுத்தூர் பவுண்டரியில் ஒரு ஷிஃப்டுக்கு நிற்கிற ஆட்கள் மாதிரியே கலவை!

2020 ஜனவரியில் மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போய்விட்டார். நான் அப்போது பத்தாவது. நிஜமாகவே துரோகம் மாதிரி இருந்தது. போஸ்டரைக் கிழித்து, கட்டிலுக்கு அடியில் போட்டேன். கோப்பை கொடுத்த ஊரை விட்டுப் போக எப்படி மனசு வரும் என்று நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். நல்லவேளை, அந்த நோட்டு இப்போது இல்லை.

இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. மான்ஸி ஜப்பான் போனார், 2021-இல் திரும்ப இந்தியா வந்து எஃப்சி பெங்களூரு யுனைடெட்டுக்கு ஆடினார், 2022-இல் ராஜஸ்தான் யுனைடெட். ரொமாரியோ எஃப்சி கோவாவுக்கும், எட்வின் சென்னையினுக்கும் போனார்கள். போனவர்கள் எல்லோரும் எங்கேயோ ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஊரிலேயே இருந்திருக்க வேண்டிய அணிதான் காணாமல் போனது. 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. நான் போஸ்டரைக் கிழித்தது யார் மேல் இருந்த கோபத்தில் என்று இப்போது சத்தியமாகத் தெரியவில்லை.

நேற்று சாயந்திரம் அப்புச்சியை வண்டியில் வைத்து நேரு ஸ்டேடியம் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். சுற்றியிருக்கும் கடைகளில் கூட்டம். வ.உ.சி. பூங்கா பக்கம் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம்.

"அந்தப் பையன் இங்கிருந்து எங்க போனான்?"

"ஜப்பானுங்க. அப்புறம் பெங்களூர், ராஜஸ்தான்."

அப்புச்சி கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ராஜஸ்தானா? அந்தூர்க்காரங்க எல்லாம் இங்க வந்து கடை வெச்சிருக்காங்க. இவன் அங்க போயிட்டானா?" என்று சிரித்துவிட்டு, "நொய்டா அதுக்குக் கிட்டக்கவா?" என்றார்.

பக்கம்தான் என்று சொல்லி வைத்தேன்.